அணையா இணைப்புக்கு ஒரு பிரிவுபசாரம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் சின்னப்பாவின் குடும்பத்தைப் பற்றி யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். மெமோ வாங்கிய குடும்பம் என்று மட்டும் சொல்ல முடியாது. தாத்தா ராணுவப் பட்டறையில் வெள்ளைக்காரத் துரைகளிடம் வேலை பார்த்தவர், மெமோ இல்லை. அப்பா ரயில்வேயில் இருந்தவர், மெமோ இல்லை. சின்னப்பா அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து, சங்கு ஊதுமுன் உள்ளே போய், சங்கு ஊதிய பின் வெளியே வந்து, சுவர்க்கடிகாரமும் சால்வையும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய பணிக்கோப்பில் ஒரு கறைகூட இல்லை. தேநீர்க் கறைகூட இல்லை என்று அவரே சொல்வார்.

மகள் ஜோசஃபினுக்கு வரன் வரும்போதெல்லாம், பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிப்பதற்கு முன்னால், பையன் மெமோ வாங்கியிருக்கிறானா என்று விசாரிப்பார். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு இதுதான் காரணம் என்பது மனைவி அன்னம்மாளின் கட்சி.

அப்படிப்பட்ட வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, ஜோசஃபின் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டாடி, ஆபீஸ்ல ஒரு கற்றல் கடிதம் தரப்போறாங்க. நான் கையெழுத்துப் போடணும்."

"கற்றல் கடிதமா? அதுல என்ன எழுதியிருக்கும்?"

"நடந்ததுக்கு நான்தான் காரணம், இனிமே இப்படி நடக்காது, இதுலேர்ந்து நிறைய கத்துக்கிட்டேன்னு."

சின்னப்பா கையில் எடுத்த கறித்துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அதுக்குப் பேரு மெமோ."

"எங்க கம்பெனியில மெமோவே கிடையாது டாடி. அந்த வார்த்தையத் தடை பண்ணிட்டாங்க."

"வார்த்தையத்தானே தடை பண்ணாங்க. நீ என்ன தப்பு பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"அப்ப கையெழுத்துப் போடாதே. செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்ட ஆளு நம்ம வீட்டுல கிடையாது."

"போடலேன்னா வேலைய நிரந்தரம் பண்ணமாட்டாங்க டாடி."

அன்னம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு முதல்ல அவகிட்ட கேளுங்களேன். கறி ஆறுது" என்றாள்.

நடந்தது இதுதான். ஜோசஃபின் வேலை பார்க்கும் ஜலவாணி சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி தொம்மலூரில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர் மோட்டாரை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறார்கள். பெட்டி மோட்டார் அறைக்குள் இருக்கும். வெளியிலிருந்து யாரும் அதை நேரடியாகக் கூப்பிட முடியாது. ஆகவே பெட்டியே கம்பெனியின் சர்வர் கணினியைக் கூப்பிட்டு, "எனக்காக ஒரு கதவு திறந்து வை; அந்தக் கதவை யார் தட்டினாலும் இந்த லைன் வழியாக என்னிடம் அனுப்பு" என்று கேட்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதவு எண். கூப்பிடுவதையும் கேட்பதையும் பார்த்துக்கொள்வது ஜோசஃபின் எழுதிய லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு. எல்லாக் குடியிருப்பிலும் அது ஒழுங்காக வேலை செய்தது. சர்ஜாபுர ரோட்டில் ஒரே ஒரு குடியிருப்பில் மட்டும் செய்யவில்லை. அந்தக் குடியிருப்பின் கதவு எண் 9009.

"சர்வர் அந்தக் கதவ குடுக்கமாட்டேங்குது டாடி. ஏற்கனவே வேற ஒருத்தர் புடிச்சிருக்காங்க."

"யாரு?"

ஜோசஃபின் சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். இருந்தாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"சேர்மன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியை அறிமுகம் செய்த விழாவில், சேர்மன் தன் திருக்கரத்தால் ஒரு மடிக்கணினியின் பொத்தானை அமுக்கி முதல் இணைப்பைத் தொடங்கிவைத்தார். கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று எண் ஜோசியர் குறித்துக் கொடுத்த எண் 9009. விழா முடிந்தது, சாப்பாடு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். இணைப்பை மட்டும் யாரும் துண்டிக்கவில்லை. சேர்மன் விரல் பட்ட இணைப்பைத் துண்டிப்பது அமங்கலம் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று தெரியாததால் அது விதியாகிவிட்டது.

"அப்ப அந்தக் குடியிருப்புக்கு வேற நம்பர் குடேன்."

"குடுக்கலாம்னேன் டாடி. அந்தக் குடியிருப்போர் சங்கத்து பிரசிடென்ட், சேர்மன் வச்சிருக்கிற அதே ராசி நம்பர்தான் வேணும்னு கேட்டு வாங்கினாராம். 9010 கூட்டினா ராசியில்லையாம்."

கம்பெனி சும்மா இருக்கவில்லை. முதலில் கேபிளை மாற்றினார்கள். பிறகு பெட்டியை மாற்றினார்கள். பிறகு பெட்டியின் மேல் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். லைப்ரரி கேட்கிற விதத்தில் பணிவு போதவில்லை என்று ஒரு குழு கருதியதால், கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லும்படி அதைத் திருத்தச் சொன்னார்கள்; ஜோசஃபின் திருத்தினாள். சர்வர் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு கதவை மறுத்தது. கடைசியில் வெளிநாட்டு லைப்ரரி ஒன்றை வரவழைத்துப் போட்டார்கள். அதற்கும் அதே பதில். ஜோசஃபினின் லைப்ரரியோடு ஒரே பெட்டியில் இருந்ததால் அது கெட்டுப்போயிருக்கும் என்று அறிக்கை எழுதினார்கள்.

"வியாழக்கிழமை விசாரணை டாடி. அதே நாள் பெற்றோர் தினமும். நீங்க வரவேணாம்."

"நான் வர்றேன்" என்றார் சின்னப்பா.

வியாழக்கிழமை காலை அவர் ஓய்வுபெற்ற நாளில் போட்ட கோட்டை எடுத்துப் போட்டார். வெயில் கொளுத்தியது. கோட்டின் ஒரு பொத்தானைக்கூட அவர் தளர்த்தவில்லை.

வரவேற்பில் ஹரிஷ் என்ற இளைஞன் அவர் மார்பில் 'பெருமைக்குரிய பெற்றோர்' என்று ஒரு வில்லையைக் குத்தினான். கையில் ஒரு துளசிச் செடியைக் கொடுத்தான்.

"அங்கிள், உள்ள வந்தது எப்படி இருந்துச்சு? இதுல ஒரு முகத்தத் தொடுங்க."

சிறிய திரையில் மூன்று முகங்கள் இருந்தன. ஒன்று சிரித்தது, ஒன்று அதிகமாகச் சிரித்தது, ஒன்று வாய் கொள்ளாமல் சிரித்தது.

"சிரிக்காத முகம் இல்லையா தம்பி?"

"இருந்துச்சு அங்கிள். யாரோ தொட்டுட்டாங்க. எடுத்துட்டோம்."

சின்னப்பா எந்த முகத்தையும் தொடவில்லை. ஏதாவது ஒரு முகத்தைத் தொட்டால்தான் வாசல் கதவு திறக்கும் என்பதால் ஹரிஷே அவருக்காக வாய் கொள்ளாமல் சிரித்த முகத்தைத் தொட்டான்.

நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு மடிக்கணினி. அதன் மேல் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் பக்கத்தில் பேட்டரி விளக்கு. 'அணையா இணைப்பு' என்று பித்தளைத் தகடு. அதன் கீழே மின்சாரம் போனாலும் இணைப்பு போகாமலிருக்க, ஆளுயரத்துக்கு பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள்.

"இதுதான் டாடி" என்று ஜோசஃபின் முணுமுணுத்தாள். "சர்ஜாபுர ரோட்டுக்குப் போற ஆர்டரெல்லாம் இங்கதான் வருது. மோட்டாரப் போடுன்னு நாம சொன்னா, இந்த மாலைக்கு அடியில வந்து படுத்துக்குது."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். ஹரிஷ், உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கிறது எனக்குத் தெரியாது" என்றான் ஹரிஷ். சம்பள உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை அறையின் வாசலில் 'குற்றமில்லா விசாரணை' என்று பலகை வைத்திருந்தார்கள். 'குற்ற' என்பது ஒரு வரியிலும் 'மில்லா' என்பது அடுத்த வரியிலும் இருந்தது. முதல் வரியின் எழுத்து பெரியது. பிள்ளைகளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பெற்றோர் உடனிருந்து பார்க்கலாம் என்பது அன்றைய ஏற்பாடு. ஆகவே சின்னப்பா துளசிச் செடியை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்தார்.

தலைமை வகித்தவர் வித்யாலட்சுமி. கோயம்புத்தூர்க்காரர், செயல்முறை மற்றும் மன அமைதித் துறையின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் துணைத்தலைவர் சுனில். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர், எல்லாருடனும் தமிழிலேயே பேச ஆசைப்படுகிறவர்; இடையிடையே கன்னடம் வந்து விழும்.

வித்யாலட்சுமி கைகூப்பினார்.

"முதல்லயே சொல்லிடறேன்ங்க. இந்த ரூமுக்குள்ள யாரும் யாரையும் குற்றம் சொல்லமாட்டோம். ஜோசஃபின், நீங்க குற்றவாளி இல்லைங்கறத இன்னைக்கு எத்தனை தடவ வேணும்னாலும் சொல்லத் தயாரா இருக்கோம். குற்றவாளி இல்லாத ஜோசஃபின் கொஞ்சம் எந்திரிச்சு நின்னீங்கன்னா எல்லாருக்கும் முகம் தெரியும்."

ஜோசஃபின் எழுந்து நின்றாள்.

"நம்ம வழக்கப்படி ஐந்து ஏன் கேட்கப்போறோம். ஐந்தாவது ஏனுக்கு வர்ற பதில்தான் மூலகாரணம். ஹரிஷ் எழுதிக்குவார். முதல் ஏன். மோட்டார் ஏன் ஓடல?"

"உத்தரவு பெட்டிக்குப் போய்ச் சேரல" என்றாள் ஜோசஃபின்.

"இரண்டாவது. ஏன் சேரல?"

"பெட்டிக்குக் கதவு கிடைக்கல."

"ஏன் கிடைக்கல?"

"சர்வர் மறுத்துடுச்சு."

"நாலாவது. சர்வர் ஏன் மறுத்துச்சு?"

"அந்தக் கதவ ஏற்கனவே வேற ஒருத்தர் புடிச்சிருக்கிறதால."

சுனில் இருமினார். ஹரிஷ் பேனா மூடியைத் திருகித் திருகிப் பார்த்தான். கண்ணாடிச் சுவர் வழியாக நடுக்கூடத்துச் சாமந்தி மாலை எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் அதற்கு எதிர்த்திசையில் பார்த்தார்கள்.

"ஐந்தாவது, கடைசி ஏன்" என்றார் வித்யாலட்சுமி. "வேற ஒருத்தர் புடிச்சிருக்கிற கதவ ஜோசஃபினோட லைப்ரரி ஏன் போய்க் கேட்டுச்சு?"

ஜோசஃபின் வாயைத் திறப்பதற்குள் சுனில் சொன்னார்: "கேட்க வேண்டிய முறையில கேட்கத் தெரியல."

"எழுதிக்கங்க ஹரிஷ். மூலகாரணம்: லைப்ரரி. யாரோட லைப்ரரின்னு அடைப்புக்குள்ள போட்டுக்கலாம்."

சின்னப்பா எழுந்தார். துளசிச் செடியும் அவரோடு எழுந்தது.

"அம்மா, ஒரு கேள்வி. கதவப் புடிச்சிருக்கிற அந்த வேற ஒருத்தர் யாரு?"

"சார், அது ஆறாவது ஏன்."

"ஏன்னு நான் கேக்கவேயில்லையே. யாருன்னுதான் கேட்டேன்."

"இன்னும் மோசம்ங்க சார். குற்றமில்லா விசாரணையில யாருங்கற வார்த்தையே வரக்கூடாது. நம்ம கம்பெனிக்கு ஐந்து ஏனுக்குத்தான் சர்டிபிகேட் இருக்கு. ஆறாவது கேட்டா சர்டிபிகேட் போயிடும்."

சுனில் கனிவோடு முன்னால் சாய்ந்தார்.

"சாரே, நீங்க பெரியவங்க. நான் ஓபனா சொல்றேன். நாங்க இதுல பயங்கர உழைப்பு போட்டிருக்கோம். முதல்ல உங்க மக லைப்ரரி என்ன சொல்லிட்டிருந்தது கொத்தா, தெரியுமா? 'கதவு 9009 வேறொருவர் பிடியில் இருக்கிறது, கோரிக்கை மறுக்கப்பட்டது.' ஏனு சார் இது? கஸ்டமர் படிச்சா பயப்படமாட்டானா? மறுக்கப்பட்டதுன்னு ஒரு வார்த்தை நம்ம கம்பெனியில இருக்கலாமா? நானே ஒரு குழு போட்டேன். மூணு மாசம் உட்கார்ந்து மாத்தினோம். இப்ப கதவு கிடைக்கலேன்னா என்ன வருது தெரியுமா? 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! எல்லாம் சிறப்பாக நடக்கிறது.' அதுக்கப்புறம் ஒரு புகார்கூட அந்தத் திரையில வரல சார்."

"மோட்டார் ஓடுச்சா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

வித்யாலட்சுமி ஒரு தாளை ஜோசஃபினின் முன்னால் தள்ளினார். மேலே ஒரு வண்ணத்துப்பூச்சிப் படம் இருந்தது. சின்னப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளின் தோளுக்கு மேலாகப் படித்தார். "தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுவது என்னவென்றால்" என்று தொடங்கியது. அவருடைய தொழிற்சாலையிலும் அப்படித்தான் தொடங்கும். வண்ணத்துப்பூச்சி மட்டும்தான் புதிது.

"இது கடிதம் இல்லம்மா. மெமோ" என்றார். "என் மக இதுல கையெழுத்துப் போடமாட்டா."

"சாயந்தரத்துக்குள்ள போடணும்ங்க சார். இல்லேன்னா சம்பவம் மூடாது. சம்பவம் மூடலேன்னா இவங்க ஃபைலும் நகராது."

"அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறத ஒரு நொடி நிறுத்துனா எல்லாமே முடிஞ்சு போகுமே!"

சுனில் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "பேடா சார், வேணாம்! சேர்மன் விரல் பட்டது. அத யார் நிறுத்துறது? நான் நிறுத்தணுமா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

சின்னப்பாவுக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. அவர் வாழ்க்கையில் கிண்டல் பேசியது குறைவு. பேசியபோதெல்லாம் யாருக்கும் புரிந்ததில்லை. அன்றும் அதுதான் நடந்தது.

"நிறுத்த மனசில்லேன்னா அதுக்கு ஒரு ரிட்டயர்மென்ட் குடுத்து அனுப்புங்களேன்! மாலையப் போட்டு, சால்வையப் போர்த்தி, எனக்குக் குடுத்த மாதிரி ஒரு சுவர்க்கடிகாரமும் குடுத்து!"

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சுனில் மெதுவாகக் காதுகளிலிருந்து கைகளை எடுத்தார். வித்யாலட்சுமி கண்களை மூடித் திறந்தார்.

"நிறுத்தறது இல்ல" என்றார் சுனில். "கௌரவமா ஓய்வு."

"பிரிவுபசாரம்" என்றார் வித்யாலட்சுமி. "அதுக்கு நம்மகிட்ட செயல்முறை இருக்கு."

"சேர்மன் எப்படியும் நாலு மணிக்கு பெற்றோரோட போட்டோ எடுக்க வர்றார்" என்றான் ஹரிஷ்.

உடனே மூன்று குழுக்கள் உருவாகின. ஒன்று சால்வை வாங்க பிரேசர் டவுனுக்குப் போனது. ஒன்று இணைப்பு ஊழியரா ஒப்பந்தப் பணியாளரா என்று ஆராய்ந்தது. இரண்டு வருஷம் விடுப்பே எடுக்காததால் ஊழியர்தான் என்று முடிவாயிற்று. மூன்றாவது குழு, வேலையை விட்டுப் போகிற எல்லாரிடமும் நடத்துகிற கடைசிப் பேட்டியை நடத்தியது. வித்யாலட்சுமி கண்ணாடிப் பெட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"நம்ம கம்பெனியில உங்க அனுபவம் எப்படி இருந்துச்சு?"

மடிக்கணினி பேசவில்லை.

"மேலதிகாரிங்க மேல ஏதாவது மனக்குறை?"

அதற்கும் பேசவில்லை. 'மனக்குறை இல்லை, மரியாதையானவர்' என்று ஹரிஷ் எழுதிக்கொண்டான். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அட்டையே இல்லாததால், முதலில் ஓர் அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டுப் பிறகு திருப்பி வாங்கினார்கள்.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர் எல்லாரும் ஆளுக்கொரு துளசிச் செடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நர்சரி போல இருந்தது. சுனில் ஒலிபெருக்கியைப் பிடித்து நிகழ்ச்சிநிரலை வாசித்தார்.

"முதல்ல சேர்மன் அணையா இணைப்புக்கு விடை கொடுப்பார். ஒரு விளக்க அணைச்சா கையோட இன்னொண்ண ஏத்தணும். அதனால உடனே, அதே இடத்துல, அதே ராசி எண்ணுல, சேர்மன் தன் கையாலேயே புது அணையா இணைப்பத் தொடங்கி வைப்பார்."

ஜோசஃபின் அப்பாவின் கோட்டுக் கையை இழுத்தாள்.

"போச்சு டாடி. திரும்பவும் 9009-ஐ அவரே புடிச்சுக்குவாரு."

"நம்ம பெட்டி அதுக்குள்ள புடிச்சுக்காதா?"

"அது நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்கும். கேட்டுட்டா அடுத்த நிமிஷம் வரைக்கும் சும்மா இருக்கும். ஒரே ஒரு நிமிஷம் கிடைச்சா போதும். இவரு விட்ட கையோட அமுக்கிடுவாரே!"

"நீ அத வேகமா கேக்க வைக்க முடியாதா?"

"அதுக்கு மூணு பேர் அனுமதி வேணும். ஒருத்தர் லீவு, ஒருத்தர் சுனில் சார், இன்னொருத்தர் போன வருஷமே வேலைய விட்டுட்டாரு."

சேர்மன் மேடையேறினார். வெள்ளைச் சட்டை, ஒன்பது விரல்களில் மோதிரம். மோதிரமில்லாத வலது ஆள்காட்டி விரல்தான் தொடக்கி வைக்கிற விரல். மடிக்கணினிக்குச் சால்வை போர்த்தினார். சுவர்க்கடிகாரத்தை அதன் மேல் சாய்த்து வைத்தார். பிறகு தழுதழுத்த குரலில் பேசினார்.

"இந்த இணைப்பு ரெண்டு வருஷமா நம்மோட இருந்தது. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வேலைகூடச் செய்யல. ஆனா ஒரு நாள்கூட இடத்த விட்டு நகரல. வேலை செய்ய வந்தவங்களையும் உள்ள விடல. சம்பள உயர்வு கேட்கல, கேள்வி கேட்கல. யாராவது தட்டினா பதில் சொல்லல. நான் சொல்றேன், இப்படிப்பட்ட விசுவாசம் இருந்தாத்தான் ஒருத்தர் மேல வரமுடியும். இங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற என் நிர்வாகிகள் எல்லாரும் இப்படி மேல வந்தவங்கதான்."

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. சுனில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேர்மன் ஆள்காட்டி விரலால் பொத்தானை அமுக்கினார். இரண்டு வருஷத்து இணைப்பு அறுந்தது. கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கவேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஜோசஃபினுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து மேஜையில் புது மடிக்கணினி தயாராக இருந்தது. சேர்மன் விரலை நீட்டியபடியே அதை நோக்கித் திரும்பினார்.

அந்த விரலை சின்னப்பா பிடித்தார்.

எப்போது மேடையேறினார் என்று அவருக்கே தெரியாது. மூன்று தலைமுறையில் அழைக்காத மேடையில் ஏறிய முதல் ஆள் அவர்தான். சேர்மனின் வலது கையை விரலோடு சேர்த்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக் குலுக்கினார்.

"ஐயா, வாழ்த்துகள்! நான் ஜோசஃபினோட அப்பா சின்னப்பா."

"ரொம்ப சந்தோஷம்" என்று சேர்மன் கையை இழுத்தார். கை வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஸ்பேனர் பிடித்த கை அது. பிடித்ததை விட்டுப் பழக்கமில்லை.

"அருமையான பேச்சுங்க ஐயா. நல்ல பேச்சு. சட்டை நல்லாயிருக்கு."

சின்னப்பாவுக்கு முகஸ்துதி வராது. ஆயுளில் யாரையும் புகழ்ந்து பழகாதவர். சேர்மனைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தெரிந்தது அந்த மூன்றோடு தீர்ந்தது. நிமிடம் தீரவில்லை. ஆகவே தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"என் தாத்தா ராணுவப் பட்டறையில இருந்தாருங்க ஐயா. மெமோ வாங்குனதில்ல. எங்கப்பா ரயில்வே. மெமோ இல்ல. என் பெரியப்பா கோலார் தங்கவயல்ல இருந்தாரு. பூமிக்கு அடியில. அங்கயும் போயி யாரும் மெமோ குடுக்கல. என் மச்சினன் ஒருத்தன் தாலுகா ஆபீஸ்ல..."

"சாரே, கைய விடி!" என்று சுனில் கீழிருந்து பல்லைக் கடித்தபடி சொன்னார். போட்டோக்காரர் இது நிகழ்ச்சிநிரலில் உள்ளது என்று நினைத்துப் பல கோணங்களில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"...மச்சினன் சம்சாரத்தோட தம்பி ஒருத்தன் வாங்கியிருக்கான், நான் மறைக்கமாட்டேன். ஆனா அவங்க வேற குடும்பம்."

வித்யாலட்சுமி மேடையேறி சின்னப்பாவின் முழங்கையைப் பிடித்தார். "சார், மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. உங்க கோபம் எங்களுக்குப் புரியுது."

"எனக்குக் கோபமே இல்லம்மா. வாழ்த்திட்டிருக்கேன்."

கூடத்தின் கடைசியில் ஹரிஷின் போன் அடித்தது. சர்ஜாபுர ரோட்டுக் குடியிருப்பின் பிரசிடென்ட். திட்டு வாங்குவதற்கென்றே அந்தப் போனை ஹரிஷிடம் கொடுத்திருந்தார்கள். அவன் தூரத்தில் பிடித்துக் கேட்டான். பிறகு காதருகே கொண்டுவந்து கேட்டான். பிறகு மேடையைப் பார்த்துக் கத்தினான்.

"ஜோசஃபின்! மோட்டார் ஓடுதாம்! டேங்குல தண்ணி ஏறுதாம்!"

சின்னப்பா கையை விட்டார். கோட்டைச் சரிசெய்துகொண்டு, சேர்மனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கீழே இறங்கித் தன் இடத்தில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சேர்மனின் விரல் சிவந்து மரத்துப்போயிருந்தது. உதறி உதறி உயிர் வரவழைத்து, புது மடிக்கணினியின் பொத்தானை அமுக்கினார். அது 9009-ஐக் கேட்டது. சர்வர் இல்லையென்றது. பெரிய திரையில் பூக்கள் சிதறி, எழுத்து வந்தது: 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! எல்லாம் சிறப்பாக நடக்கிறது.'

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. புது மடிக்கணினிக்கு மாலை போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது எதனோடும் இணைந்திருக்கவில்லை. அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

மாலையில் விசாரணை அறை மீண்டும் கூடியது. சம்பவத்தின் மூலகாரணம் 'இணைப்பின் இயற்கையான வயது முதிர்வு' என்றும், சேர்மன் உரிய காலத்தில் அதற்கு ஓய்வளித்ததால் மோட்டார் ஓடியது என்றும் ஹரிஷ் திருத்தி எழுதினான். லைப்ரரி என்ற சொல்லையும் அடைப்புக்குறியையும் அடித்தார்கள். வண்ணத்துப்பூச்சித் தாளை வித்யாலட்சுமி ஜோசஃபினின் கண்முன்னாலேயே கிழித்தார்.

"ஜோசஃபின், நீங்க குற்றவாளியாவே இருந்ததில்ல. உங்க ஃபைல் நாளைக்கு நகரும்."

ஜோசஃபின் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வித்யாலட்சுமியின் கையில் இன்னொரு தாள் இருப்பதை அவர் கவனித்திருந்தார். அதில் வண்ணத்துப்பூச்சி இல்லை.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. சேர்மனோட கைய நிகழ்ச்சிநிரலுக்கு வெளியே பிடிச்சு வச்சிருந்ததுக்காக, வருகையாளர் நடத்தை விதிப்படி உங்களுக்கு இது குடுக்கவேண்டியிருக்கு. நீங்க ஊழியர் இல்லாததால இதுக்கு இன்னும் புதுப்பேர் வைக்கல. பழைய பேர்தான் இருக்கு."

தாளின் தலைப்பில் தடித்த எழுத்தில் மெமோ என்று இருந்தது.

ஜோசஃபின் பதறி எழுந்தாள். "டாடி, வேணாம்! வாங்காதீங்க. நீங்கதானே கையெழுத்துப் போடாதேன்னு சொன்னீங்க? மூணு தலைமுறை..."

"செய்யாத தப்புக்குப் போடாதேன்னு சொன்னேம்மா" என்றார் சின்னப்பா. "இது நான் செஞ்சது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தார். பேனா கேட்டார். ஹரிஷ் கொடுத்த பேனாவை முதலில் துளசித் தொட்டியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டில் கிறுக்கி, மை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.